எஸ்எஸ்எல் சர்ட்டிஃபிகேட் எரர்: ப்ரவுசர்ல திறக்குது, நம்ம கோடுல மட்டும் ஏன் அடம் பிடிக்குது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இது சர்வர் நடத்தறவங்களுக்கு இல்ல, அடுத்தவங்க சர்வரைக் கூப்பிட்டு வேலை வாங்கற கோடு எழுதறவங்களுக்கு. ஏபிஐ கூப்பிடறீங்க, பேமெண்ட் கேட்வேயோட பேசறீங்க, ஏதோ ஒரு ஃபைலை டவுன்லோடு பண்றீங்க, நடுவுல சர்ட்டிஃபிகேட் எரர் வந்து நிக்குது, எங்க தேடினாலும் "வெரிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடு"ங்கற பதில்தான் மொதல்ல வருது. அதைத் தவிர மத்த வழியெல்லாம் இங்க பாப்போம். கமாண்ட், ஆப்ஷன் பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே இருக்கு, டெர்மினல்ல அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

அதே லிங்க் குரோம்ல சூப்பரா திறக்குது. பைத்தான்ல கூப்பிட்டா "சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு". சைட் நல்லாத்தானே இருக்கு?

குரோமை வச்சு அதை முடிவு பண்ணாதீங்க, சர்வர் பண்ற தப்பை குரோம் சத்தமில்லாம சரிக்கட்டிடும். சர்ட்டிஃபிகேட் செக் பண்றது கெசட்டட் ஆபீசர் அட்டெஸ்ட் பண்ண ஜெராக்ஸ் மாதிரிதான். காப்பியை யாரும் நம்பறதில்ல, அதுல சீல் போட்ட ஆபீசரை நம்பறாங்க, அந்த ஆபீசரே யாருன்னு தெரியலைன்னா அவருக்கு மேல இருக்கறவரைப் பாக்கணும். இங்க சைட்டோட சர்ட்டிஃபிகேட்டுக்குப் பேரு லீஃப், அதுல கையெழுத்துப் போட்டது இண்டர்மீடியேட், இண்டர்மீடியேட்டுக்குக் கையெழுத்துப் போட்டது ரூட். ரூட் மட்டும்தான் உங்க மெஷின்ல ஏற்கனவே இருக்கும், லீஃபையும் இண்டர்மீடியேட்டையும் சேத்து அனுப்ப வேண்டியது சர்வரோட பொறுப்பு.

நிறைய சர்வர் லீஃபை மட்டும் அனுப்பிட்டு சும்மா இருந்துடும். குரோம் என்ன பண்ணும்னா, லீஃபுக்குள்ள "என்னோட இண்டர்மீடியேட் இந்த அட்ரஸ்ல இருக்கு"ன்னு ஒரு ஃபீல்டு இருக்கும் (ஏஐஏன்னு சொல்வாங்க), அதைப் படிச்சு தானே போய் எடுத்துட்டு வந்துடும். ஃபயர்ஃபாக்ஸ் வேற ரகம், தெரிஞ்ச இண்டர்மீடியேட்டையெல்லாம் முன்னாடியே இறக்கி வச்சுக்கும். லினக்ஸ்ல ஓடற பைத்தான், கர்ல், நோட் இதெல்லாம் அந்த வேலைய பண்ணாது. ஜாவால அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, ஆனா டீஃபால்ட்டா ஆஃப். விண்டோஸோட சொந்த வெரிஃபிகேஷனும் குரோம் மாதிரியே தேடி எடுக்கும், அதனாலதான் கோ ப்ரோக்ராம் ஒண்ணு உங்க விண்டோஸ் லேப்டாப்ல ஓடிட்டு லினக்ஸ் சர்வர்ல போட்டதும் விழுந்துடுது, நீங்க ஒரு வரி கூட மாத்தலைன்னாலும்.

இது ஒரு காரணம். இன்னொண்ணு, குரோம் பாக்கற ரூட் லிஸ்ட்டும் உங்க ப்ரோக்ராம் பாக்கற ரூட் லிஸ்ட்டும் வேற வேறயா இருக்கறது. அதுதான் இந்தப் பக்கத்துல திரும்பத் திரும்ப வரப்போற விஷயம்.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கோடைத் தொடாதீங்க. எரர் வர்ற அதே மெஷின்ல, கண்டெய்னர்னா அந்தக் கண்டெய்னருக்குள்ளயே போய், ஓப்பன்எஸ்எஸ்எல்லோட எஸ்-கிளையண்ட் கமாண்டை (சர்வரோட கனெக்ட் ஆகி, அது அனுப்பற சர்ட்டிஃபிகேட்டையெல்லாம் காட்டற டூல்) ஓட விடுங்க. கனெக்ட் ஆப்ஷன்ல ஹோஸ்ட் பேரும் 443-ம், சர்வர்நேம் ஆப்ஷன்ல அதே ஹோஸ்ட் பேரு, கூடவே ஷோசர்ட்ஸ். சர்வர்நேம் எதுக்குன்னா, ஒரே ஐபி-ல பத்து சைட் இருந்தா எந்த சைட்டோட சர்ட்டிஃபிகேட் வேணும்னு சர்வருக்குச் சொல்லணும்ல, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-லேர்ந்து அது தானாவே போகும், பழைய வெர்ஷன்ல நீங்க குடுக்கலைன்னா சம்பந்தமே இல்லாத இன்னொரு சைட்டோட சர்ட்டிஃபிகேட் வந்து நிக்கும், அதைப் பாத்துக் குழம்பிடுவீங்க.

வர்ற அவுட்புட்ல பயமுறுத்தற மாதிரி நிறைய ஓடும், பாக்க வேண்டியது ரெண்டே இடம். ஒண்ணு "சர்ட்டிஃபிகேட் செயின்"ங்கற பகுதி, அதுல 0, 1, 2ன்னு நம்பர் போட்டு ஒவ்வொண்ணுக்கும் எஸ், ஐன்னு ரெண்டு வரி இருக்கும். எஸ் யாரோடது, ஐ யாரு குடுத்தது. 0-வோட ஐ வரி 1-ஓட எஸ் வரியோட பொருந்தணும், அப்படியே மேல போகணும். ரெண்டாவது, கடைசில வர்ற "வெரிஃபை ரிட்டர்ன் கோடு". 0-ன்னா செயின்ல பிரச்னை இல்ல. ஆனா உஷார், இந்தக் கமாண்ட் ஹோஸ்ட் பேரு பொருந்துதான்னு தானா பாக்காது, வெரிஃபை-ஹோஸ்ட்நேம்னு தனியா ஆப்ஷன் குடுத்தாதான் பாக்கும். அதனால இங்க 0 வந்தும் உங்க கோடு அழுதுன்னா பேரு பொருந்தலையான்னு பாருங்க, அதுவும் இல்லைன்னா உங்க கோடு வேற ரூட் லிஸ்ட்டைப் பாக்குது.

கோடு நம்பர் 20, 21, 19, 18னு வருதே, ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்?

சர்வர் ஒத்த சர்ட்டிஃபிகேட்தான் அனுப்பியிருக்கு, டெப்த் 0-லயே (அதாவது செயின்ல 0-ன்னு நம்பர் போட்ட லீஃப்லயே) 20 வந்து தொடர்ந்து 21-ம் வருதுன்னா இண்டர்மீடியேட் காணோம்னு கிட்டத்தட்ட அடிச்சுச் சொல்லலாம். செயின் ஒழுங்கா வருது, ஆனா டெப்த் 1-லயோ 2-லயோ 20 வருதுன்னா ரூட் உங்க லிஸ்ட்ல இல்ல. 19-ன்னா சர்வர் ரூட்டையும் சேத்து அனுப்பியிருக்கு, அந்த ரூட்டை உங்க மெஷினுக்கு அடையாளம் தெரியல, ஆபீஸ் நெட்வொர்க்ல இது ரொம்ப சகஜம். 18-ன்னா லீஃபே தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கிட்டது. 10 காலாவதி, 9 இன்னும் தேதி ஆரம்பிக்கல, 62 ஹோஸ்ட் பேரு பொருந்தல.

மத்த இடத்துல இதே விஷயம் வேற வேஷத்துல வரும். கர்ல்ல 60. ஜாவால "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு"ன்னு முழம் நீளத்துக்கு ஒரு வரி. கோ-ல "சர்ட்டிஃபிகேட் சைண்டு பை அன்னோன் அத்தாரிட்டி". நோட்ல "அனேபிள் டு வெரிஃபை லீஃப் சிக்னேச்சர்"னு வந்தா அது மேல சொன்ன 21-தான். கர்ல்ல 77 வந்தா அது வேற, சிஏ ஃபைலையே (சர்ட்டிஃபிகேட் குடுக்கறவங்களுக்குப் பேரு சிஏ, அவங்க ரூட்டெல்லாம் இருக்கற ஃபைல்) படிக்க முடியலைன்னு அர்த்தம், பாத் தப்பா இருக்கும்.

இண்டர்மீடியேட் காணோம்னு தெரிஞ்சு போச்சு. சர்வர் என்னோடது இல்லையே, நான் என்ன பண்றது?

மொதல்ல அவங்களுக்கு மெயில் போடுங்க, எஸ்-கிளையண்ட் அவுட்புட்டை அப்படியே ஒட்டி. சரி பண்றது அவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை, செர்ட்பாட் (சர்ட்டிஃபிகேட்டைத் தானா வாங்கிக் குடுக்கற டூல்) போட்டிருந்தா என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல சர்ட் டாட் பெம்-க்கு பதிலா ஃபுல்செயின் டாட் பெம் குடுத்து ரீலோடு பண்ணணும், அவ்ளோதான். வேற சிஏ-கிட்ட வாங்கினதா இருந்தா லீஃப் மொதல்லயும் இண்டர்மீடியேட் அடுத்ததாவும் ஒரே ஃபைல்ல ஒட்டணும். "ப்ரவுசர்ல வருதே சார்"னு பதில் வரும், எஸ்எஸ்எல் லேப்ஸ் மாதிரி டெஸ்ட் சைட்ல அவங்க டொமைனைப் போட்டு "செயின் இன்கம்ப்ளீட்"னு வர்றதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, அதுக்கப்புறம் வாதம் வராது.

அதுவரைக்கும் வேலை நடக்கணும்னா, அந்த இண்டர்மீடியேட்டை அதைக் குடுத்த சிஏ-வோட சைட்லேர்ந்தே இறக்கி, ஏற்கனவே இருக்கற ரூட் பண்டிலோட ஒரு காப்பில கடைசியா ஒட்டி, அந்த ஃபைலை உங்க கிளையண்டுக்குக் காட்டுங்க. தற்காலிகம்தான். சிஏ-க்கள் இண்டர்மீடியேட்டை அடிக்கடி மாத்துவாங்க, அன்னிக்கு மறுபடி விழும்.

என் ப்ரோக்ராம் எந்த ரூட் லிஸ்ட்டைப் பாக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சிஸ்டம்ல ரூட்டைச் சேத்துட்டேன், இன்னும் எரர் வருது.

சர்ட்டிஃபிகேட் எரர்ல பாதி நேரம் வீணாப் போறது இங்கதான். சிஸ்டம்ல ஒரே ஒரு லிஸ்ட் இருக்கு, எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்கன்னு நினைச்சுக்கறோம். ஒவ்வொரு ரன்டைமும் தனிக் கடை வச்சிருக்கு.

பைத்தான்லயே ரெண்டு மூணு இருக்கு. கூடவே வர்ற எஸ்எஸ்எல் மாட்யூல் ஓப்பன்எஸ்எஸ்எல்லோட டீஃபால்ட் பாத்தைப் பாக்கும், கெட்-டீஃபால்ட்-வெரிஃபை-பாத்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, கூப்பிட்டா எந்த ஃபைல்னு சொல்லிடும். ஆனா ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி அதைக் கண்டுக்காது, செர்டிஃபைங்கற பேக்கேஜ்ல வர்ற மொசில்லா லிஸ்ட்டைத்தான் பாக்கும், நீங்க சிஸ்டம்ல ஆயிரம் ரூட் சேத்தாலும் அதுக்குத் தெரியாது. பிப் தனக்குள்ளயே ஒரு செர்டிஃபை காப்பி வச்சிருந்துச்சு, 24.2 வெர்ஷன்லேர்ந்து பைத்தான் 3.10-ஓ அதுக்கு மேலயோ இருந்தா சிஸ்டம் ஸ்டோரையும் பாக்குது, அதனால பிப் ஓடுது, ரிக்வெஸ்ட்ஸ் ஓடலைங்கற விசித்திரமெல்லாம் நடக்கும். மேக்ல பைத்தான் டாட் ஆர்க் இன்ஸ்டாலர் போட்டவங்க, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல பைத்தானுக்குள்ள "இன்ஸ்டால் சர்ட்டிஃபிகேட்ஸ்"னு ஒரு ஃபைல் இருக்கும், அதை டபுள் கிளிக் பண்ணிட்டு மறுபடி ட்ரை பண்ணுங்க, புது மேக்ல வர்ற எரர் பெரும்பாலும் அதுதான்.

ஜாவா, ஜேடிகே-க்குள்ளயே இருக்கற சிஏசர்ட்ஸ் ஃபைலைப் பாக்கும். மெஷின்ல நாலு ஜேடிகே இருந்தா நாலு ஃபைல், நீங்க கீடூல் வச்சு ஒண்ணுல சேத்துட்டு டாம்கேட் இன்னொண்ணுல ஓடிக்கிட்டு இருக்கும். (அதோட டீஃபால்ட் பாஸ்வேர்டு "சேஞ்ச்இட்". உலகத்துல யாரும் சேஞ்ச் பண்ணின மாதிரி தெரியல.) நோட், பைனரிக்குள்ளயே லிஸ்ட்டை வச்சு கம்பைல் பண்ணியிருப்பாங்க, சிஸ்டத்தைப் பாக்காது, புது வெர்ஷன்கள்ல யூஸ்-சிஸ்டம்-சிஏன்னு ஒரு ஃபிளாக் குடுத்தா பாக்கும். கோ, லினக்ஸ்ல சிஸ்டம் ஃபைலைப் பாக்கும், விண்டோஸ்லயும் மேக்லயும் ஓஎஸ் கிட்டயே கேட்டுக்கும். விண்டோஸ் கூடவே வர்ற கர்ல் விண்டோஸ் ஸ்டோரைப் பாக்கும், நீங்க தனியா இன்ஸ்டால் பண்ணின கர்ல் வேற எதையாவது பாக்கும். ஃபயர்ஃபாக்ஸ் மொசில்லா லிஸ்ட்டைக் கையோட வச்சிருக்கு.

இந்தத் தனிக்கடை விஷயம் சும்மா தொல்லை மட்டும் இல்ல. 2014 ஜூலைல நம்ம நாட்டு என்ஐசி-யோட (மத்திய அரசோட நேஷனல் இன்ஃபர்மேடிக்ஸ் சென்டர்) இண்டர்மீடியேட்லேர்ந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதி இல்லாம சர்ட்டிஃபிகேட் வெளிய வந்துச்சு. என்ஐசி-க்கு மேல இருந்த இந்திய சிசிஏ-வோட (நாட்டுல இருக்கற சிஏ-க்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) ரூட் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருந்துச்சு, அதனால விண்டோஸ் ஸ்டோரை நம்பின ப்ரோக்ராமெல்லாம் அந்தப் போலி சர்ட்டிஃபிகேட்டையும் நம்பியிருக்கும், மொசில்லா லிஸ்ட்ல அந்த ரூட்டே இல்ல, அதனால ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல. சிசிஏ அந்த இண்டர்மீடியேட்களை உடனே ரத்து பண்ணிட்டாங்க, கூகுள் தன் பங்குக்கு குரோம்ல அந்த ரூட்டை கவ் டாட் இன், என்ஐசி டாட் இன் மாதிரி சில டொமைனுக்கு மட்டும்னு சுருக்கிடுச்சு. ஒரு ரூட்டைச் சேக்கறதுன்னா, அது எந்த சைட் பேர்ல கையெழுத்துப் போட்டாலும் நம்பறேன்னு எழுதிக் குடுக்கறது. வாட்ஸாப்ல யாரோ அனுப்பின ரூட் ஃபைலை சேக்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

வீட்ல ஓடுது, ஆபீஸ் நெட்வொர்க்ல மட்டும் 19 வருது.

எஸ்-கிளையண்ட்ல ஐ வரியைப் பாருங்க. கிட்ஹப்புக்குக் கனெக்ட் பண்றீங்க, ஆனா குடுத்தது யாருன்னு பாத்தா உங்க கம்பெனி பேரோ, ஃபயர்வால் கம்பெனி பேரோ இருக்கும். நடுவுல ஒரு ப்ராக்ஸி எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டு, தன்னோட சர்ட்டிஃபிகேட்டை மாட்டி உங்களுக்கு அனுப்புது. கம்பெனி லேப்டாப்ல ப்ரவுசர் ஓடறது ஏன்னா, ஐடி டீம் அவங்க ரூட்டை ஓஎஸ் ஸ்டோர்ல முன்னாடியே போட்டிருப்பாங்க. பைத்தானுக்கும் நோடுக்கும் ஜாவாவுக்கும் யாரு போடறது, நீங்கதான்.

ஐடி டீம் கிட்ட ரூட்டை பெம் ஃபார்மட்ல (சர்ட்டிஃபிகேட்டை டெக்ஸ்ட்டா வச்சிருக்கற ஃபைல்) கேளுங்க. கேட்டு வாங்குங்க, கனெக்ஷன்லேர்ந்து ஷோசர்ட்ஸ்ல வர்றதைக் காப்பி அடிச்சு நம்பிட்டா நடுவுல நிக்கறது யாரா இருந்தாலும் நம்பின மாதிரி ஆயிடும். டெபியன், உபுண்டு, ஆல்பைன்ல யூஎஸ்ஆர்-லோக்கல்-ஷேர்-க்குள்ள இருக்கற சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் ஃபோல்டர்ல போட்டு அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் ஓட்டணும், ஃபைல் பேரு சிஆர்டி-ன்னு முடியணும், பெம்-னு முடிஞ்சா டெபியன்லயும் உபுண்டுலயும் எடுத்துக்காது, எரரும் சொல்லாது. ரெட்ஹாட், ஃபெடோரால இட்சி-பிகேஐ-சிஏட்ரஸ்ட்-சோர்ஸ்-ஆங்கர்ஸ், அப்புறம் அப்டேட்-சிஏ-ட்ரஸ்ட்.

நோடுக்கு நோட்-எக்ஸ்ட்ரா-சிஏ-சர்ட்ஸ்னு என்விரான்மெண்ட் வேரியபிள். இருக்கற லிஸ்ட்டோட சேத்துக்கும், நல்லது, ஆனா ப்ராசஸ் ஆரம்பிக்கறப்ப மட்டும்தான் படிக்கும், கோடுக்குள்ள ப்ராசஸ் டாட் என்வ்-ல செட் பண்ணினா ஒண்ணும் நடக்காது. ரிக்வெஸ்ட்ஸுக்கு ரிக்வெஸ்ட்ஸ்-சிஏ-பண்டில். இது நேர் எதிர், சேக்காது, மாத்திடும். கம்பெனி ரூட் ஒண்ணை மட்டும் வச்ச ஃபைலைக் காட்டினா ஆபீஸ் ப்ராக்ஸி வழியா போறதெல்லாம் ஓடும், ப்ராக்ஸியைத் தாண்டி நேராப் போற ஒண்ணு ரெண்டு டொமைன் மட்டும் விழும், மண்டை காயும். அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் பண்ணி முடிச்ச சிஸ்டம் பண்டிலையே அதுல காட்டிடுங்க, எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். விண்டோஸ்ல கிட்டுக்கு எஸ்எஸ்எல்-பேக்எண்டை எஸ்சேனல்னு மாத்திட்டா விண்டோஸ் ஸ்டோரையே பாத்துக்கும்.

டாக்கர் பில்டு தனி உலகம். ஹோஸ்ட்ல நீங்க சேத்தது எதுவும் உள்ள போகாது, டாக்கர்ஃபைல்லயே ரூட்டைக் காப்பி பண்ணி அப்டேட் ஓட்டணும், அதுவும் மொத டவுன்லோடு வரிக்கு முன்னாடி. கோ ப்ரோக்ராமை ஸ்கிராட்ச் இமேஜ்ல போட்டவங்களுக்கு இன்னும் மோசம், அதுல ரூட் லிஸ்ட்னு ஒண்ணே கிடையாது, பில்டு ஸ்டேஜ்லேர்ந்து சிஏ ஃபைலைக் காப்பி பண்ணிக்கணும்.

பைத்தான் 3.13-க்கு மாறினேன். ரூட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு, "மிஸ்ஸிங் அத்தாரிட்டி கீ ஐடென்டிஃபையர்"னு புதுசா வருது.

3.13-ல டீஃபால்ட் கான்டெக்ஸ்ட்ல, சர்ட்டிஃபிகேட் விதிமுறையைக் கறாரா பாக்கற எக்ஸ்509 ஸ்டிரிக்ட் ஃபிளாகை ஆன் பண்ணிட்டாங்க. பொது சிஏ-க்கள் குடுக்கற சர்ட்டிஃபிகேட்டெல்லாம் இதுல பாஸ் ஆகிடும், மாட்டறது கம்பெனிக்குள்ள யாரோ ஒருத்தர் என்னிக்கோ ஸ்கிரிப்ட் போட்டு உருவாக்கின ரூட்டும் சில ப்ராக்ஸி டப்பாக்களும்தான். "பேசிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் கிரிட்டிக்கல்னு மார்க் பண்ணல"ங்கறதும் இதே கதை. ஒழுங்கான வழி சிஏ-வைத் திருப்பி சரியா உருவாக்கறது. முடியாத வரைக்கும், உங்க கான்டெக்ஸ்டோட வெரிஃபை-ஃபிளாக்ஸ்லேர்ந்து அந்த ஒரு ஃபிளாகை மட்டும் கழிச்சுடுங்க. இது வெரிஃபிகேஷனை ஆஃப் பண்றது இல்ல, கையெழுத்து, தேதி, பேரு எல்லாம் அப்பவும் செக் ஆகும்.

இவ்ளோ எதுக்கு? வெரிஃபை ஈக்வல்ஸ் ஃபால்ஸ் போட்டா முடிஞ்சுதே. என்கிரிப்ஷன் அப்பவும் இருக்குமே?

இருக்கும். யாரோடன்னுதான் தெரியாது. காஃபி ஷாப் வைஃபைல நடுவுல ஒக்காந்திருக்கறவன் தானே ஒரு சர்ட்டிஃபிகேட் செஞ்சு நீட்டினா உங்க கோடு அதை வாங்கிக்கிட்டு, ஏபிஐ கீயை அழகா என்கிரிப்ட் பண்ணி அவன் கிட்டயே குடுக்கும்.

இது கற்பனை பயம் இல்ல. 2012-ல டெக்சாஸ் ஆஸ்டின், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ப்ரவுசர் இல்லாத சாஃப்ட்வேரா எடுத்துப் பாத்தாங்க, அமேசான் இசி2-வோட ஜாவா லைப்ரரி, பேபால் எஸ்டிகே இதுலயெல்லாம் சர்ட்டிஃபிகேட் செக் உடைஞ்சு கிடந்துச்சு. அதுல ஒண்ணு பிஹெச்பி எழுதறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. கர்ல்ல அப்ப வெரிஃபை-ஹோஸ்ட் ஆப்ஷனுக்கு 2 குடுத்தாதான் பேரு பொருந்துதான்னு பாத்துச்சு, 1 குடுத்தா சர்ட்டிஃபிகேட்ல ஏதோ ஒரு பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச்சு. எழுதினவங்க பாதுகாப்பா இருக்கட்டும்னு "ட்ரூ"ன்னு போட்டாங்க, பிஹெச்பி ட்ரூவை 1-ஆ மாத்தி அனுப்பிடுச்சு. செக் பண்ணச் சொல்லி எழுதின வரியே செக்கை ஆஃப் பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் கர்ல்ல 1-க்கு இருந்த அந்த அர்த்தத்தையே ஒழிச்சுக் கட்டிட்டாங்க. பைத்தானும் 2.7.9, 3.4.3 வர்ற வரைக்கும் தன்னோட ஹெச்டிடிபிஎஸ் கிளையண்ட்ல டீஃபால்ட்டா எதையும் செக் பண்ணாமதான் இருந்துச்சு.

அப்புறம் இந்த ஃபால்ஸ் போடறவங்க "டெஸ்டிங்குக்கு மட்டும்"னுதான் போடுவாங்க. அடுத்து வார்னிங் வரும், லாக் அசிங்கமா இருக்குன்னு வார்னிங்கை மூட ஒரு வரி, அதோட அது ப்ரொடக்ஷன் போய்ச் சேந்துடும். நோட்ல நோட்-டிஎல்எஸ்-ரிஜெக்ட்-அன்ஆத்தரைஸ்டுங்கற என்விரான்மெண்ட் வேரியபிளை 0 ஆக்கறது இன்னும் மோசம், மொத்த ப்ராசஸுக்கும் ஆஃப், நீங்க கேள்விப்படாத டிபெண்டன்சி பேசற கனெக்ஷனுக்கும் சேத்து. ஆண்ட்ராய்டுல எதையும் செக் பண்ணாத ட்ரஸ்ட்மேனேஜர் எழுதினா 2016-லேர்ந்து பிளே ஸ்டோரே ரிஜெக்ட் பண்ணுது.

யாரும் எதையும் தொடல. நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு எல்லாம் காலி.

மொதல்ல சர்வர் லீஃப் எக்ஸ்பைரி பாருங்க, அதுதான் அதிகம். லீஃபுக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனாலும் "சர்ட்டிஃபிகேட் ஹேஸ் எக்ஸ்பயர்டு"னு வருதுன்னா ரூட் செத்திருக்கலாம். 2020 மே 30 அன்னிக்கு ஆட்ட்ரஸ்ட் ரூட் காலாவதியாச்சு, 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3. ரெண்டாவதுல உலகம் பூரா ஏபிஐ விழுந்துச்சு, காரணம், இலவசமா சர்ட்டிஃபிகேட் குடுக்கற லெட்ஸ் என்கிரிப்ட்ங்கற சிஏ.

அது நடந்த விதம் சுவாரஸ்யமானது. லெட்ஸ் என்கிரிப்ட்டுக்கு ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1னு சொந்த ரூட் வந்துடுச்சு, ஆனா பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்ல அது இல்ல. அதுக்காக சர்வர்கள் அனுப்பற செயின்ல, எக்ஸ்1-க்கும் மேல டிஎஸ்டி ரூட் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு காப்பியை வச்சாங்க. ஆண்ட்ராய்டு, ரூட்டோட காலாவதி தேதியைப் பாக்காது, அதனால அங்க ஓடுச்சு. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 என்ன பண்ணுச்சுன்னா, எக்ஸ்1 தன் லிஸ்ட்லயே இருந்தாலும் அங்க நிக்காம, சர்வர் காட்டின வழியிலயே மேல போயி செத்துப் போன டிஎஸ்டி-ல முட்டிக்கிட்டு எக்ஸ்பயர்டுன்னு சொல்லிடுச்சு. 1.1.0-லேர்ந்து தன் லிஸ்ட்டைத்தான் மொதல்ல பாக்கும், அதனால அதுல பிரச்னை இல்ல. 1.0.2-ல மாட்டினவங்களுக்கு வைத்தியம் எதையும் சேக்கறது இல்ல, லிஸ்ட்லேர்ந்து டிஎஸ்டி-யை எடுத்துடறது.

ஜாவா பக்கம், எக்ஸ்1 வந்ததே 8-ஓட 141-ஆவது அப்டேட்ல. அதுக்கு முன்னாடி இருக்கற ஜேடிகே வச்சு இன்னும் ஓட்டறவங்க இருக்காங்க. "வேலை செய்யுதுல்ல, ஏன் தொடணும்"னு பழைய பேஸ் இமேஜை வருஷக் கணக்கா வச்சிருந்தா ரூட் லிஸ்ட்டும் அந்த வருஷத்துலயே நின்னு போயிருக்கும்.

ஹோஸ்ட்நேம் மிஸ்மேட்ச் வருது, ஆனா காமன் நேம்ல பேரு சரியாத்தானே இருக்கு?

காமன் நேமை இப்ப ப்ரவுசரும் பல ரன்டைமும் பாக்கறதில்ல. சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்னு இருக்கற லிஸ்ட்ல பேரு இருக்கணும். குரோம் 2017-ல 58-ஆவது வெர்ஷன்லயே காமன் நேமைக் கைவிட்டுடுச்சு, கோ 1.15-ல விட்டுச்சு, "ரிலைஸ் ஆன் லெகசி காமன் நேம் ஃபீல்டு"ன்னு வர்ற எரர் அதுதான். சர்ட்டிஃபிகேட்டைத் திருப்பி வாங்கறதைத் தவிர வழி இல்ல.

வைல்டுகார்டு ஒரு படி மட்டும்தான் பொருந்தும். ஸ்டார் டாட் எக்ஸாம்பிள் டாட் காம், ஏபிஐ டாட் எக்ஸாம்பிளுக்கு ஓகே, வி2 டாட் ஏபிஐ டாட் எக்ஸாம்பிளுக்கு ஆகாது, வெறும் எக்ஸாம்பிள் டாட் காமுக்கும் ஆகாது. ஐபி போட்டுக் கூப்பிட்டா, அந்த ஐபி-யே சர்ட்டிஃபிகேட்ல ஐபி-ங்கற வகையில இருக்கணும். டிஎன்எஸ் மாத்தறதுக்கு முன்னாடி புது சர்வரை டெஸ்ட் பண்ண ஐபி-ல கூப்பிட்டு, மிஸ்மேட்ச் வந்து, செக்கையே ஆஃப் பண்ற கே ஃபிளாக் போடறவங்க ரொம்பப் பேர், கர்ல்ல ரிசால்வ்னு ஆப்ஷன் இருக்கு, பேரு, 443, ஐபி மூணையும் குடுத்தா பேரு அப்படியே இருக்கும், கனெக்ஷன் மட்டும் புது ஐபி-க்குப் போகும், சர்ட்டிஃபிகேட்டும் முறையா செக் ஆகும்.

"நாட் யெட் வேலிட்"?

கடிகாரம். பழைய ராஸ்பெரி பை போர்டுகள்ல பேட்டரி கடிகாரம் கிடையாது, ஈஎஸ்பி8266 பவர் போட்டதும் 1970-ன்னு நினைச்சுக்கும். என்டிபி-ல நேரம் வாங்கிட்டு அப்புறம் ஹெச்டிடிபிஎஸ் கூப்பிடுங்க.

"ராங் வெர்ஷன் நம்பர்"னு வருது, டிஎல்எஸ் வெர்ஷனை மாத்தி மாத்திப் பாத்துட்டேன்.

மாத்தாதீங்க, இது சர்ட்டிஃபிகேட்டும் இல்ல வெர்ஷனும் இல்ல. எதிர்ல இருக்கறது சாதா ஹெச்டிடிபி பேசுது. போர்ட் தப்பு, இல்லைன்னா ப்ராக்ஸி அட்ரஸ்ல ஹெச்டிடிபி-னு போட வேண்டிய இடத்துல ஹெச்டிடிபிஎஸ்-னு போட்டிருப்பீங்க. "டிஹெச் கீ டூ ஸ்மால்", "அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன்"னு வந்தா மட்டும் எதிர் சர்வர் ரொம்பப் பழசு, உங்க ஓப்பன்எஸ்எஸ்எல் புதுசு.

லோக்கல்ஹோஸ்ட்ல டெவலப் பண்றேன், அங்கயுமா இதெல்லாம்?

எம்கேசர்ட் போட்டுக்கங்க. உங்க மெஷினுக்கு மட்டும்னு ஒரு குட்டி சிஏ உருவாக்கி, ஓஎஸ் ஸ்டோர்லயும் சேத்து, லோக்கல்ஹோஸ்ட்டுக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்துடும். நோடுக்கு மேல சொன்ன எக்ஸ்ட்ரா-சிஏ வேரியபிள்ல அந்த ரூட்டைக் காட்டணும். அந்த சிஏ-வோட கீ ஃபைலை டீம்ல ஷேர் பண்ணவோ கிட்ல கமிட் பண்ணவோ கூடாது, அது கைல கிடைச்சவங்க உங்க மெஷின் நம்பற மாதிரி எந்த பேங்க் சைட்டுக்கும் சர்ட்டிஃபிகேட் செஞ்சுக்கலாம்.

ஆண்ட்ராய்டு ஃபோன் செட்டிங்ஸ்ல ரூட்டை இன்ஸ்டால் பண்ணிட்டேன், குரோம் நம்புது, என் ஆப் நம்பல.

ஆண்ட்ராய்டு 7-லேர்ந்து அப்படித்தான். ஏபிஐ லெவல் 24-ம் அதுக்கு மேலயும் டார்கெட் பண்ற ஆப், யூசர் சேத்த ரூட்டை நம்பாது. நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் ஃபைல்ல டீபக்-ஓவர்ரைட்ஸ் பகுதிக்குள்ள யூசர் ரூட்டைச் சேத்துக்கங்க, டீபக் பில்டுல மட்டும் வேலை செய்யும், ரிலீஸ்ல தானா விட்டுடும்.

சர்வர் எங்க கிட்டயும் சர்ட்டிஃபிகேட் கேக்குது. "ஹேண்ட்ஷேக் ஃபெயில்யர்"னு மட்டும் சொல்லிட்டுக் கட் பண்ணுது.

பேங்க், பேமெண்ட் இன்டக்ரேஷன்ல இது சகஜம், ரெண்டு பக்கமும் சர்ட்டிஃபிகேட் காட்டணும். எரர்ல "அலர்ட்"ங்கற வார்த்தை இருந்து அதை எதிர்ப்பக்கம் அனுப்பியிருந்தா, உங்களை அவங்க நிராகரிக்கறாங்க, உங்க ரூட் லிஸ்ட்டைத் தோண்டி பிரயோஜனம் இல்ல. நீங்க காட்டறதுல உங்க இண்டர்மீடியேட்டும் சேந்திருக்கான்னு பாருங்க, மேல சர்வர் பண்ற தப்புன்னு சொன்னதை இங்க நாமளே பண்றது உண்டு. சர்ட்டிஃபிகேட்டும் ப்ரைவேட் கீயும் ஜோடியான்னு ரெண்டோட பப்ளிக் கீயையும் ஓப்பன்எஸ்எஸ்எல்ல எடுத்து ஒப்பிடுங்க. ரெண்டும் சரின்னா உங்க புது சர்ட்டிஃபிகேட்டை அவங்க சைடுல ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்களான்னு ஃபோன் போட்டுக் கேளுங்க.

சர்வர் சர்ட்டிஃபிகேட்டை அப்படியே கோடுல பின் பண்ணிட்டா, அதாவது அது ஒண்ணை மட்டும்தான் நம்பணும்னு எழுதிட்டா, இன்னும் பத்திரம்தானே?

லீஃபைப் பின் பண்ணாதீங்க. இப்ப பொது சர்ட்டிஃபிகேட்டோட ஆயுள் சுருங்கிக்கிட்டே வருது, 2020 செப்டம்பர்லேர்ந்து 398 நாள்னு இருந்துச்சு, சிஏ-க்களும் ப்ரவுசர் கம்பெனிகளும் சேந்த சிஏ-பிரவுசர் ஃபோரம் 2025-ல ஓட்டெடுத்து முடிவு பண்ணினபடி 2026 மார்ச் 15-லேர்ந்து 200 நாள், 2027 மார்ச் 15-லேர்ந்து 100, 2029 மார்ச் 15-லேர்ந்து 47. ஒவ்வொரு தடவை மாறறப்பவும் புது ஆப் ரிலீஸ் பண்ணி எல்லார் ஃபோனுக்கும் போய்ச் சேர வைக்க முடியுமா? சர்வரும் உங்களோடதா இருந்து, கட்டாயம் வேணும்னா, பப்ளிக் கீயைப் பின் பண்ணி, இன்னும் பயன்படுத்தாத இன்னொரு கீயையும் பேக்கப்பா சேத்து வைங்க. அடுத்தவங்க சர்வர்னா பின்னே வேணாம்.

அதுக்குப் பதிலா, நீங்க நம்பி இருக்கற சர்வர்களோட எக்ஸ்பைரியைக் கவனிக்க ஒரு கிரான் ஜாப் போட்டு வைங்க. எஸ்-கிளையண்ட் அவுட்புட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லோட எக்ஸ்509 கமாண்டுக்கு பைப் பண்ணி செக்எண்டு ஆப்ஷன்ல 604800 குடுத்தா, ஏழு நாளுக்குள்ள காலாவதி ஆகறதா இருந்தா எக்ஸிட் கோடு 1 வரும், அப்ப உங்களுக்கு ஒரு மெயில் வர்ற மாதிரி பண்ணிக்கங்க. லீஃபை மட்டும்தான் இது பாக்கும், இண்டர்மீடியேட்டுக்குத் தனியா ஓட்டணும்.